ஐரோப்பிய நகரங்களுக்கு முதல் பயணம்: திட்டமிடுவது முதல் திரும்புவது வரை

முதன்முறை ஐரோப்பா போகிறவர்களின் பயணம் பெரும்பாலும் விசாவிலோ பணத்திலோ கெடுவதில்லை. ஊர்களின் எண்ணிக்கையில்தான் கெடுகிறது. பத்து நாளில் ஏழு ஊர் என்று போட்டால், அந்தப் பத்து நாளில் பாதி ரயில் நிலையத்திலும் ஹோட்டல் வரவேற்பறையிலும் கழியும். பாரிஸிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்கு யூரோஸ்டார் ரயில் ஏறத்தாழ மூன்று மணி இருபது நிமிடத்தில் போய்விடுகிறது. ஆனால் அறையைக் காலி செய்து, பெட்டியை இழுத்துக்கொண்டு மெட்ரோ ஏறி, நிலையத்தில் காத்திருந்து, அங்கே இறங்கி, புது அறைக்குள் பெட்டியை வைக்கும்போது ஆறு மணி நேரம் ஆகியிருக்கும். ஊர் மாறும் ஒவ்வொரு நாளும் இப்படி அரை நாளுக்கு மேல் போகும். அதனால் முதலில் ஊர்களைக் குறையுங்கள்.

பாரிஸ், ரோம் போன்ற பெரிய நகரத்துக்கு நான்கு இரவு வேண்டும். வியன்னா, பிராக், ஆம்ஸ்டர்டாம், புடாபெஸ்ட் அளவுள்ள ஊருக்கு மூன்று இரவு. புளோரன்ஸ், சால்ஸ்பர்க், புரூஜ் போன்றவற்றுக்கு இரண்டு போதும். இந்தக் கணக்கில் ஒன்பது பத்து இரவுக்கு மூன்று ஊர்தான் வரும். முதல் பயணத்துக்கு நன்றாகப் பொருந்தும் மூன்று தடங்கள் உண்டு. பிராக், வியன்னா, புடாபெஸ்ட் ஒரு தடம்: பிராக்கிலிருந்து வியன்னா நான்கு மணி நேரம், அங்கிருந்து புடாபெஸ்ட் இரண்டே முக்கால் மணி நேரத்துக்குள், எல்லாம் நேரடி ரயில். மூன்று தடங்களில் செலவு குறைவானதும் இதுதான். ரோம், புளோரன்ஸ், வெனிஸ் இரண்டாவது: ரோமிலிருந்து புளோரன்ஸ் ஒன்றரை மணி நேரம், அடுத்தது இரண்டேகால். வெனிஸைப் பகலில் போய்ப் பார்த்துவிட்டு வருவதைவிட அங்கேயே இரவு தங்குவது நல்லது. பகல்பயணிகள் கிளம்பிய பிறகு, மாலை ஆறு மணிக்கு மேல்தான் அந்த ஊரின் அழகு தெரியும். மூன்றாவது தடம் பாரிஸ், ஆம்ஸ்டர்டாம் இரண்டு மட்டும், இடையில் ஒரு நாள் பிரஸ்ஸல்ஸ்.

விமான டிக்கெட் தேடும்போது போய்வருவதற்கு ஒரே ஊரைப் போடாதீர்கள். தேடும் பக்கத்தில் ‘மல்ட்டி சிட்டி’ என்ற தேர்வு இருக்கும். ரோமில் இறங்கி வெனிஸிலிருந்து திரும்புவது பெரும்பாலும் அதே விலைக்கோ கொஞ்சம் கூடுதலாகவோ கிடைக்கும். திரும்பவும் ரோமுக்கு வரும் ரயில் செலவும் அரை நாளும் மிச்சம்.

மாதம் எது? மே, ஜூன் முற்பகுதி, செப்டம்பர் மூன்றும் சிறந்தவை. ஜூனில் பாரிஸில் சூரியன் மறைய இரவு பத்து மணி ஆகும். ஒரு நாளுக்குள் இரண்டு நாள் கிடைத்த மாதிரி. டிசம்பரில் வியன்னாவில் நான்கு மணிக்கே இருட்டிவிடும். கிறிஸ்துமஸ் சந்தைகளுக்காகப் போகிறீர்கள் என்றால் அந்த இருட்டே அழகு, ஆனால் அருங்காட்சியகங்களை வைத்துத்தான் பகலை நிரப்ப வேண்டும். நம் பள்ளி விடுமுறையான ஏப்ரல்-மே பரவாயில்லை. ஆகஸ்டைத் தவிருங்கள். ரோமின் வெயில் நமக்குப் பழகியதுதான் என்று நினைப்போம், ஆனால் அங்கே பல பழைய ஹோட்டல்களில் ஏ.சி. கிடையாது. பாரிஸில் குடும்பமாக நடத்தும் சின்ன உணவகங்கள் பல அந்த மாதம் பூட்டிக் கிடக்கும்.

விசா

இந்தியா, இலங்கை பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா தேவை. ஒரே விசாவில் 29 நாடுகளுக்குள் போகலாம். பல்கேரியாவும் ருமேனியாவும் 2025 ஜனவரி முதல் முழுமையாக இதற்குள் வந்துவிட்டன. பிரிட்டனும் அயர்லாந்தும் இதில் இல்லை. லண்டனையும் சேர்க்க நினைத்தால் தனி விசா, தனிக் கட்டணம். அதோடு, பாரிஸிலிருந்து லண்டன் போய் மறுபடி பாரிஸ் வருவதற்கு ஷெங்கன் விசா பலமுறை நுழையும் வகையாக இருக்க வேண்டும். ஒருமுறை நுழையும் விசாவில் லண்டன் போனவுடன் அது முடிந்துவிடும். முதல் பயணத்தில் லண்டனை விட்டுவிடுவதே நல்லது.

எந்த நாட்டுக்கு விண்ணப்பிப்பது என்பதற்கு விதி ஒன்று: எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறீர்களோ அந்த நாடு. எல்லா நாட்டிலும் சம இரவு என்றால் முதலில் நுழையும் நாடு. ‘அந்த நாட்டில் சுலபமாகக் கிடைக்குமாம்’ என்று கேள்விப்பட்டு வேறு நாட்டில் போட்டால், பயணத் திட்டமே உங்களுக்கு எதிரான சாட்சியாகிவிடும்.

பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசியாக 15 நாள் முன்பு. வழக்கமாக 15 நாளில் முடிவு வரும், சில நேரம் 45 நாள் வரை இழுக்கும். கோடைக்கு முன்பான மாதங்களில் விரல்ரேகை கொடுக்க நேரம் கிடைப்பதே கடினம். எனவே மே மாதப் பயணத்துக்கு ஜனவரியிலேயே தொடங்குங்கள். கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. 6 வயது முதல் 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு 45, ஆறு வயதுக்குக் கீழே இலவசம். விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் இதற்கு மேல்.

பாஸ்போர்ட் கடந்த பத்து ஆண்டுக்குள் வாங்கியதாக, திரும்பும் தேதிக்குப் பின் மூன்று மாதமாவது செல்லுபடி ஆவதாக, இரண்டு வெற்றுப் பக்கங்கள் உள்ளதாக இருக்க வேண்டும். பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்பதாகவும், ஷெங்கன் பகுதி முழுவதற்கும் எல்லா நாளுக்கும் பொருந்துவதாகவும் இருக்க வேண்டும். காப்பீட்டை எப்போதும் இரண்டு நாள் கூடுதலாக எடுங்கள். விமானம் தள்ளிப்போனாலும் கவலை இருக்காது.

மறுப்பு வருவதற்கான காரணங்கள் பெரும்பாலும் மூன்றே. விண்ணப்பத்துக்கு ஒரு வாரம் முன்பு வங்கிக் கணக்கில் திடீரென்று போட்ட பெரிய தொகை முதல் காரணம். மாதாமாதம் சம்பளமோ வியாபார வரவோ தெரியும் கணக்குதான் நம்பிக்கை தரும். பெற்றோரோ பிள்ளைகளோ பணம் தருகிறார்கள் என்றால் அதை மறைக்காமல், அவர்கள் கடிதத்தையும் கணக்கு விவரத்தையும் சேர்த்து வையுங்கள். இரண்டாவது, ஹோட்டல் பதிவு ஒரு தேதி, விமானம் ஒரு தேதி, பயணத் திட்டம் வேறொரு தேதி என்று முரண்படுவது. ஒவ்வொரு இரவும் எங்கே என்பது மூன்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும். மூன்றாவது, ஊர் திரும்புவதற்கான காரணம் காட்டாதது: வேலை செய்யும் இடத்தின் விடுப்புக் கடிதம், வியாபாரப் பதிவு, வருமான வரிக் கணக்கு, மாணவர் என்றால் கல்லூரிக் கடிதம். விசா வரும் முன் பணம் திரும்பாத விமான டிக்கெட்டை வாங்க வேண்டாம், முன்பதிவு மட்டும் காட்டினால் போதும்.

விசா கைக்கு வந்ததும் ஒட்டிய தாளைப் படியுங்கள். செல்லுபடியாகும் தேதிகள் வேறு, தங்கலாம் என்று அனுமதித்த நாட்களின் எண்ணிக்கை வேறு. செல்லுபடி 30 நாளுக்கு இருந்தாலும் தங்கும் நாள் 12 என்று அச்சிட்டிருந்தால் 12தான், இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் அதில் சேர்த்தி. இந்தியாவில் வசிக்கும் இந்தியர்களுக்கு 2024-இல் வந்த விதிப்படி, மூன்று ஆண்டுக்குள் இரண்டு ஷெங்கன் விசாவை ஒழுங்காகப் பயன்படுத்தியிருந்தால், அடுத்தது இரண்டு ஆண்டுக்கான பலமுறை விசாவாகக் கிடைக்க வாய்ப்புண்டு. ஒரு நாள்கூட மிகையாகத் தங்காமல் இருப்பதற்கு இதுவே போதுமான காரணம்.

வீட்டிலிருந்தே செய்ய வேண்டிய பதிவுகள்

எல்லாவற்றையும் முன்பதிவு செய்தால் பயணம் அலுவலக அட்டவணை ஆகிவிடும். எதையுமே செய்யாவிட்டால் முக்கியமான இடங்களின் வாசலில் நின்று திரும்ப வேண்டியிருக்கும். ஒரு நாளைக்கு ஒரே ஒரு முன்பதிவு, அதுவும் காலையில். மீதி நேரத்தைத் திறந்து வையுங்கள்.

சில இடங்களுக்கு விற்பனை எப்போது தொடங்கும் என்பது தெரிந்திருக்க வேண்டும். ஆம்ஸ்டர்டாமில் ஆன் ஃபிராங்க் இல்லம் இணையத்தில் மட்டுமே டிக்கெட் விற்கும். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் ஆறு வாரம் கழித்து வரும் வாரத்துக்கானவை வெளியாகும், விரைவில் தீரும். ரோமின் கொலோசியம் டிக்கெட் 30 நாள் முன்பு திறக்கும். டிக்கெட்டில் பெயர் இருக்கும், வாசலில் பாஸ்போர்ட்டோடு சரிபார்ப்பார்கள். ஐஃபல் கோபுரத்தின் லிஃப்ட் டிக்கெட் 60 நாள் முன்பு. பார்சிலோனாவின் சக்ராதா ஃபமீலியாவுக்கும் ஆம்ஸ்டர்டாமின் வான்கோ அருங்காட்சியகத்துக்கும் நேரம் குறித்த இணைய டிக்கெட் கட்டாயம் வேண்டும். எப்போதும் அந்தந்த இடத்தின் சொந்த இணையதளத்தில் வாங்குங்கள். தேடினால் முதலில் வருவது பெரும்பாலும் இடைத்தரகர் விளம்பரம், அதே டிக்கெட்டை இரட்டை விலைக்கு விற்கும்.

விடுமுறை நாளைப் பார்த்து நாட்களை அடுக்குங்கள். பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகம் செவ்வாய் மூடியிருக்கும், ஓர்சே அருங்காட்சியகம் திங்கள் மூடியிருக்கும். வத்திக்கான் அருங்காட்சியகம் ஞாயிறு மூடல், மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் மதியம் வரை இலவசம். அந்த இலவச நாளில் வரிசை மதில் சுவரைச் சுற்றி நீளும், போகவே வேண்டாம். லூவ்ருக்குப் புதனும் வெள்ளியும் இரவு 9 வரை திறப்பு. மாலை ஐந்தரைக்கு மேல் உள்ளே போனால் மோனாலிசாவைத் தவிர மற்ற கூடங்களில் நிம்மதியாக நிற்கலாம். 2026 ஜனவரி முதல் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு லூவ்ர் கட்டணம் 32 யூரோ ஆகிவிட்டது. ஓவியத்தில் பெரிய ஆர்வம் இல்லாதவர் அதை விட்டு ஓர்சே போகலாம்: அளவில் சிறியது, பழைய ரயில் நிலையக் கட்டடம், மோனே, ரென்வார், வான்கோ எல்லாரும் அங்கே இருக்கிறார்கள். நோத்ர தாம் தேவாலயம் 2019 தீ விபத்துக்குப் பின் 2024 டிசம்பரில் திறந்தது, நுழைவு இலவசம்.

பிள்ளைகளோடு போகிறவர்கள் கவனியுங்கள். 18 வயதுக்குக் கீழே லூவ்ரிலும் இத்தாலிய அரசு அருங்காட்சியகங்களிலும் இலவசம், வியன்னாவின் கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் 19 வயதுக்குக் கீழே இலவசம். ஆனால் நேரம் குறித்து நுழையும் இடங்களில் அந்தப் பூஜ்ய யூரோ டிக்கெட்டையும் பதிவு செய்துதான் ஆக வேண்டும்.

ரயிலில் அதிவேக வண்டிகளின் விலை விமானம் போலத் தேதி நெருங்க ஏறும். ரோம்-புளோரன்ஸ், வியன்னா-புடாபெஸ்ட், பாரிஸ்-ஆம்ஸ்டர்டாம் டிக்கெட்டுகளை இரண்டு மாதம் முன்பே வாங்குங்கள். உள்ளூர் ரயில்களுக்கு விலை மாறாது, அன்றைக்கே வாங்கலாம். இத்தாலியில் உள்ளூர் ரயிலின் காகித டிக்கெட்டை ஏறும் முன் நடைமேடையில் உள்ள சின்னப் பெட்டிக்குள் நுழைத்து முத்திரை குத்த வேண்டும். குத்தாத டிக்கெட் டிக்கெட்டே இல்லை, கையில் வைத்துக்கொண்டே அபராதம் கட்ட நேரும்.

மலிவு விமானங்கள் கண்ணைக் கவரும். விலையோடு விமான நிலையம் எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். பாரிஸ் என்று விற்கும் போவே நிலையம் நகரிலிருந்து 80 கிலோமீட்டருக்கு மேல், ஃபிராங்க்ஃபர்ட் என்று விற்கும் ஹான் 120 கிலோமீட்டர். பேருந்துக் கட்டணத்தையும் பெட்டிக் கட்டணத்தையும் கூட்டினால் நகர நடுவிலிருந்து நடுவுக்குப் போகும் ரயில் பல நேரம் மலிவாகவே இருக்கும்.

தங்குமிடமும் பெட்டியும்

ஹோட்டல் விலையைவிட மெட்ரோவிலிருந்து நடக்கும் தூரமே முக்கியம், எட்டு நிமிடத்துக்குள் இருக்கட்டும். புறநகரில் இரவுக்கு 30 யூரோ குறைவாகக் கிடைக்கும் அறை, ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரத்தையும் நான்கு பேரின் ரயில் கட்டணத்தையும் விழுங்கிவிடும். நகர வரி தனியாக வரும். ரோமில் ஆளுக்கு இரவுக்கு இவ்வளவு என்றும், ஆம்ஸ்டர்டாமில் அறை விலையில் 12.5 சதவீதமும். ‘லிஃப்ட் உண்டா’ என்பதைப் பதிவுக்கு முன் பாருங்கள். ரோமிலும் பாரிஸிலும் நான்காவது மாடிக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டிய விடுதிகள் ஏராளம்.

வயதான பெற்றோரோடு போகிறீர்கள் என்றால் வியன்னாதான் சுலபமான ஊர். அங்கே சுரங்க ரயில் நிலையங்களில் லிஃப்ட் உண்டு, டிராம்களில் தாழ்தளம் உண்டு. பாரிஸ் மெட்ரோவில் படிக்கட்டுகள் முடிவே இல்லாதவை. அங்கே முதியவர்களுக்குப் பேருந்தே ஏற்றது, ஊரையும் பார்த்துக்கொண்டே போகலாம்.

பெட்டி ஆளுக்கு ஒன்று, தானே தூக்கிப் படி ஏறக்கூடிய எடை, அதாவது 12 கிலோவுக்குள். கல் பாவிய தெருக்களில் நான்கு சின்னச் சக்கரப் பெட்டி சிக்கிக்கொள்ளும். பெரிய சக்கரம் இரண்டு உள்ளதே ஓடும். காலணி புதிதாக இருக்கக் கூடாது. ஒரு நாளைக்கு 12 முதல் 15 கிலோமீட்டர் நடப்பீர்கள், எனவே குறைந்தது மூன்று வாரம் போட்டுப் பழகிய காலணியே சரி. மின்சாரம் நம்மைப் போல 230 வோல்ட்தான், மின்னழுத்த மாற்றி தேவையில்லை. நம் மூன்று முள் பிளக் நுழையாது என்பதால் ஒரு அடாப்டரும், நாலைந்து கருவி செருகும் நீட்டிப்புக் கம்பியும் போதும்.

பணமும் போனும்

இரண்டு வெவ்வேறு வங்கிகளின் கார்டை எடுத்துச் செல்லுங்கள், இரண்டையும் ஒரே பர்ஸில் வைக்காதீர்கள். கிளம்பும் முன் வங்கியின் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் தொடாமல் செலுத்தும் வசதியையும் இயக்கி வையுங்கள். நம் கார்டுகளில் இவை அணைந்த நிலையிலேயே வரும். அங்கிருந்து இணையத்தில் எதையாவது வாங்க ஓ.டி.பி. தேவைப்படும், எனவே இந்திய சிம்மில் ரோமிங்கை இயக்கி வைத்துக் குறுஞ்செய்தி மட்டும் பெறுங்கள். இணையத்துக்கு இ-சிம் வாங்கினால் ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க வேலை செய்யும். சுவிட்சர்லாந்து சேர்ந்திருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள்.

கார்டு கருவியோ ஏ.டி.எம்.மோ ‘ரூபாயில் கழிக்கவா, யூரோவில் கழிக்கவா’ என்று கேட்கும். எப்போதும் யூரோ. பிராக்கில் கொருனா, புடாபெஸ்டில் ஃபோரின்ட். ரூபாயைத் தொட்டால் அவர்கள் வைத்த விலைக்கு மாற்றுவார்கள், நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை போய்விடும். சுற்றுலாப் பகுதியில் தனியாக நிற்கும் ஏ.டி.எம்.களை விட்டு, வங்கிக் கிளையின் சுவரில் உள்ளதைப் பயன்படுத்துங்கள். பிராக்கில் ‘கமிஷன் இல்லை’ என்று எழுதியிருக்கும் நாணய மாற்றுக் கடையில், கொடுக்கும் முன் கையில் எவ்வளவு வரும் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். 2019 முதல் அங்கே ஒரு சட்டம் உண்டு: ஆயிரம் யூரோ மதிப்பு வரையான மாற்றத்தை மூன்று மணி நேரத்துக்குள், ரசீதோடு போய் ரத்து செய்து பணத்தைத் திரும்பப் பெறலாம்.

இறங்கிய முதல் நாள்

ஃபிராங்க்ஃபர்ட் வழியாகப் பாரிஸ் போனால் குடியேற்றச் சோதனை ஃபிராங்க்ஃபர்ட்டிலேயே நடக்கும். 2025 அக்டோபரில் தொடங்கிய புதிய முறையில் முத்திரைக்குப் பதிலாக முகப்படமும் தேவையானால் விரல்ரேகையும் பதிகிறார்கள், வரிசை மெதுவாக நகரும். எனவே இணைப்பு விமானத்துக்கு இரண்டரை மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். ஹோட்டல் பதிவு, திரும்பும் டிக்கெட், காப்பீடு மூன்றையும் காகிதத்தில் கையில் வைத்திருங்கள்.

விமான நிலையத்திலிருந்து நகருக்குப் போக விலை உயர்ந்த வழியைத்தான் பெரிய பலகையில் காட்டுவார்கள். வியன்னாவில் 16 நிமிடத்தில் போகும் பச்சை நிற விரைவு ரயிலுக்கு நல்ல விளம்பரம், ஆனால் எஸ்-7 என்ற சாதாரண ரயில் ஏறத்தாழ 25 நிமிடத்தில் அதே வியன் மிட்டே நிலையத்துக்கு அதைவிட மிகக் குறைந்த விலையில் போகிறது. ரோமின் ஃபியூமிசினோ விமான நிலையத்திலிருந்து நகரின் டெர்மினி ரயில் நிலையத்துக்கு லியனார்டோ எக்ஸ்பிரஸ் 32 நிமிடம், 14 யூரோ. டிராஸ்தேவெரே பக்கம் தங்குகிறவர்கள் 8 யூரோவுக்கு எஃப்.எல்.-1 உள்ளூர் ரயிலே பிடிக்கலாம். நான்கு பேர் குடும்பம் பாரிஸில் இறங்கினால் அதிகாரப்பூர்வ டாக்ஸி நல்லது. சார்ல் தெ கோல் விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கு அரசு நிர்ணயித்த நிலைக் கட்டணம், 2025 நிலவரப்படி சேன் நதியின் வலது கரைக்கு 56, இடது கரைக்கு 65 யூரோ. உள்ளே வந்து ‘டாக்ஸி, டாக்ஸி’ என்று கூப்பிடுபவர் டாக்ஸிக்காரர் இல்லை. வெளியே வரிசையில் நில்லுங்கள்.

முதல் நாள் எந்த டிக்கெட்டும் வாங்கி வைக்காதீர்கள். பெட்டியை ஹோட்டலில் கொடுத்துவிட்டு (அறை மூன்று மணிக்குத்தான் தயாராகும், பெட்டியை வைத்துக்கொள்வார்கள்) வெயிலில் நடங்கள். ஒன்பது மணிக்கு முன் தூங்காமல் இருந்துவிட்டால் நேர மாற்றம் இரண்டாம் நாளே சரியாகும்.

ஊருக்குள் போக்குவரத்து

ஊருக்கு ஊர் விதி வேறு, அபராதம் பெரும்பாலும் தெரியாமல் செய்ததற்கே விழும். வியன்னாவிலும் பிராக்கிலும் சுரங்க ரயிலுக்குத் தடுப்புக் கதவே இல்லை. காகித டிக்கெட்டை வாசலில் உள்ள கருவியில் முத்திரையிட்டுவிட்டு ஏற வேண்டும். கதவு இல்லாததால் இலவசம் என்று நினைக்க வேண்டாம், சாதாரண உடையில் பரிசோதகர் வருவார். வியன்னாவில் அபராதம் நூறு யூரோவைத் தாண்டும். ஆம்ஸ்டர்டாமில் கார்டைத் தொட்டு ஏறலாம், ஆனால் இறங்கும்போதும் அதே கார்டைத் தொட வேண்டும். மறந்தால் அதிகத் தொகை கழியும். ரோமில் 1.50 யூரோ டிக்கெட் 100 நிமிடத்துக்குச் செல்லும், அதற்குள் பேருந்து எத்தனையும் ஏறலாம், மெட்ரோ ஒரு முறைதான்.  பாரிஸில் டிக்கெட்டை ஏற்றிக்கொள்ளும் நவிகோ ஈஸி கார்டு ஆளுக்கு ஒன்று வேண்டும், ஒரே கார்டில் நால்வர் போக முடியாது. நவிகோ வாரச் சீட்டு எந்த நாளில் வாங்கினாலும் திங்கள் முதல் ஞாயிறு வரைதான் செல்லும். எனவே திங்கள், செவ்வாயில் வந்தவருக்கு லாபம், வியாழனில் வந்தவருக்கு நஷ்டம்.

எல்லாவற்றையும்விட நடப்பதே சிறப்பு. ரோமில் பியாத்சா டெல் போபோலோவில் தொடங்கி, ஸ்பானியப் படிகள், திரேவி நீரூற்று, பாந்தியோன், நவோனா சதுக்கம், கம்போ தே ஃபியோரி வழியாக டிராஸ்தேவெரே வரை சுமார் நான்கு கிலோமீட்டர்தான். நான்கு மணிக்குக் கிளம்பினால் இரவு உணவு நேரத்துக்கு உணவகங்கள் நிறைந்த இடத்தில் போய்ச் சேர்வீர்கள். ஸ்பானியப் படிகளில் உட்காராதீர்கள். 2019 முதல் தடை, அபராதம் 250 யூரோவில் தொடங்கும். திரேவியையும் பிராக்கின் சார்ல்ஸ் பாலத்தையும் காலை ஏழு மணிக்கு முன் பாருங்கள். பத்து மணிக்குப் போகிறவர் பார்ப்பது மனிதத் தலைகளைத்தான். ஆம்ஸ்டர்டாமில் சிவப்பு நிறத் தளம் சைக்கிளுக்கானது. படம் எடுக்க அதில் நின்றால் மோதுவார்கள், தப்பும் உங்களுடையதாகவே இருக்கும்.

உயரத்திலிருந்து பாரிஸைப் பார்க்க ஐஃபலைவிட வெற்றி வளைவின் மாடி நல்லது. 284 படி ஏற வேண்டும், ஆனால் ஐஃபலும் காட்சிக்குள் இருக்கும். இருட்டிய பின் ஒவ்வொரு மணியின் தொடக்கத்திலும் ஐந்து நிமிடம் கோபுரம் மினுங்கும், எந்தக் கரையிலிருந்தும் இலவசமாகப் பார்க்கலாம்.

சாப்பாடு

பெரிய செலவும் பெரிய ஏமாற்றமும் இங்கேதான். புகழ்பெற்ற இடத்தின் எதிரே, ஆறு மொழியில் படம் போட்ட பட்டியலோடு ஆள் நின்று அழைக்கும் உணவகத்தைத் தவிருங்கள். இரண்டு தெரு தள்ளிப் போனாலே விலையும் சுவையும் மாறும். மதிய உணவைப் பெரிதாகச் சாப்பிடுங்கள். வேலைநாளின் மதியத்தில் பிரான்ஸ், ஆஸ்திரியா, ஸ்பெயின் உணவகங்கள் நிலையான விலையில் இரண்டு மூன்று வகை சேர்த்துத் தரும், அதே சமையல் இரவில் ஒன்றரை மடங்கு. சமையலறை மதியம் இரண்டரைக்கு மூடி இரவு ஏழுக்கே திறக்கும், ஸ்பெயினில் எட்டரை ஒன்பது. நான்கு மணிக்குப் பசித்தால் பேக்கரிதான் துணை.

சைவர்களுக்கு: ஐரோப்பியச் சமையலில் இறைச்சித் துண்டு இல்லாததே சைவம் என்று எண்ணும் இடங்கள் உண்டு. பிரெஞ்சு வெங்காய சூப் மாட்டு எலும்புச் சாற்றில் செய்வது. ரிசோட்டோ என்ற இத்தாலியச் சோற்று வகையில் கோழிச் சாறு இருக்கலாம். பெல்ஜியத்தில் பல கடைகளில் உருளைக்கிழங்கு வறுவலை மாட்டுக் கொழுப்பில் பொரிப்பார்கள். பர்மேசான் பாலாடைக்கட்டியில் கன்றின் வயிற்று நொதி சேரும். நம்பிக் கேட்கக்கூடியவை: பீட்சா மார்கரீட்டா, பாலாடைக்கட்டியே இல்லாத பீட்சா மரினாரா, பூண்டும் எண்ணெயும் சேர்த்த ஸ்பகெட்டி, ஆஸ்திரியாவின் கெய்சர்ஷ்மார்ன் (முட்டை சேர்ந்த இனிப்பு அப்பம்), ஹங்கேரியின் லாங்கோஷ் (எண்ணெயில் பொரித்த ரொட்டி), எல்லா ஊரிலும் ஃபலாஃபெல் என்ற கொண்டைக்கடலை வடை. இறைச்சியும் மீனும் வேண்டாம் என்பதை இத்தாலியில் ‘சென்சா கார்னே, சென்சா பெஷே’ என்றும், பிரான்ஸில் ‘சான் வியாந்த், சான் புவாசோன்’ என்றும், ஜெர்மன் பேசும் ஊரில் ‘ஓனெ ஃப்ளைஷ், ஓனெ ஃபிஷ்’ என்றும் சொல்லுங்கள்.

பாரிஸில் சோறு தேடும் நாள் வந்தால் கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் லா சப்பல் பகுதிக்குப் போங்கள். ஈழத் தமிழர்களின் கடைத்தெரு அது. இட்லி, தோசை, கொத்து ரொட்டி, வடை எல்லாம் நகரத்தின் மற்ற விலைகளோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு, பேச்சும் தமிழிலேயே நடக்கும். ஆகஸ்ட் கடைசியை ஒட்டிப் போகிறவர்கள் அங்குள்ள மாணிக்க விநாயகர் ஆலயத் தேர்த் திருவிழா எந்த ஞாயிறு என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் வாங்க வேண்டாம். வியன்னாவின் குழாய்த் தண்ணீர் ஆல்ப்ஸ் மலை ஊற்றுகளிலிருந்து வருகிறது. ரோமில் தெருவெங்கும் ஓடும் இரும்புக் குழாய்கள் குடிக்கத்தான். பிரான்ஸில் ‘கராஃப் தோ’ என்று கேட்டால் குடுவைத் தண்ணீரும் ரொட்டியும் விலையின்றி வரும். இத்தாலியில் மேசைக் கட்டணம் ஆளுக்கு இரண்டு மூன்று யூரோ சேரும், அது மோசடி இல்லை, பட்டியலில் எழுதியிருப்பார்கள். காபியைக் கவுன்டரில் நின்று குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் வேறு விலை.

ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் ஞாயிறு கடைகள் அடைப்பு. சனிக்கிழமை மாலைக்குள் பால், பழம், ரொட்டி வாங்கி வைத்துவிடுங்கள். மறந்தால் பெரிய ரயில் நிலையத்துக்குள் இருக்கும் சூப்பர்மார்க்கெட் திறந்திருக்கும்.

திருட்டு

வன்முறை அரிது, பிக்பாக்கெட் சகஜம். பாரிஸில் மெட்ரோ முதல் தடமும் ஆர்.இ.ஆர். என்ற புறநகர் ரயிலின் பி தடமும், ரோமில் 64-ஆம் எண் பேருந்து, பார்சிலோனாவில் லா ராம்ப்லா. கதவு மூடும் வேளையில் நெருக்கித் தள்ளுவது வழக்கமான முறை, எனவே கதவுக்குப் பக்கத்தில் போனைக் கையில் பிடித்து நிற்காதீர்கள். கையெழுத்து கேட்டு அட்டையை நீட்டுபவர், பாரிஸின் சாக்ரே கேர் தேவாலயப் படியில் கையில் நூல் கட்ட வருபவர், தரையில் தங்க மோதிரம் கண்டெடுப்பவர் யாராக இருந்தாலும் நிற்காமல் நடந்துகொண்டே இருங்கள். மரியாதைக்காக நிற்பதுதான் நம்மவர்கள் மாட்டும் இடம். உணவகத்தில் பையை நாற்காலியின் முதுகில் மாட்டாதீர்கள், மடியிலோ காலுக்கு இடையிலோ வையுங்கள்.

பாஸ்போர்ட்டின் நகலையும் விசாவின் நகலையும் போனிலும் மின்னஞ்சலிலும் வையுங்கள். தொலைந்தால் முதலில் காவல் நிலையத்தில் எழுத்துப் புகார், பிறகு நம் தூதரகம். அவசர எண் எல்லா நாட்டிலும் 112. காய்ச்சல், வயிற்றுப்போக்கு மாத்திரைகளை ஊரிலிருந்தே கொண்டுபோங்கள். அங்கே ஆன்ட்டிபயாட்டிக் எதுவும் மருத்துவர் சீட்டு இல்லாமல் கிடைக்காது.

திரும்பும் நாள்

கடைசி இரவை விமானம் கிளம்பும் ஊரிலேயே வையுங்கள். காலையில் வேறு ஊரிலிருந்து ரயிலில் வந்து மதியம் விமானம் பிடிக்கும் திட்டம், பிரான்ஸிலும் இத்தாலியிலும் ஒரு வேலைநிறுத்தம் வந்தால் தகர்ந்துவிடும். வேலைநிறுத்தத் தேதிகளை முன்கூட்டியே அறிவிப்பார்கள், முந்தின நாள் ஹோட்டலில் கேட்டுக்கொள்ளுங்கள். பெரிய தொகைக்குப் பொருள் வாங்கியிருந்தால் அதில் கட்டிய விற்பனை வரியைத் திரும்பப் பெறலாம். பிரான்ஸில் ஒரே கடையில் 100 யூரோவுக்கு மேல் வாங்கி, கடையிலேயே அதற்கான படிவத்தைப் பெற்றிருக்க வேண்டும். விமான நிலையத்தில் பெட்டியைக் கொடுக்கும் முன் அந்தப் படிவத்தைச் சுங்க இயந்திரத்தில் ஸ்கேன் செய்யுங்கள். பெட்டி உள்ளே போன பிறகு பொருளைக் காட்டச் சொன்னால் காட்ட வழி இருக்காது. சார்ல் தெ கோலில் இந்த வரிசைக்காக மட்டும் முக்கால் மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். எந்த டெர்மினல் என்பதையும் கிளம்பும் முன்பே டிக்கெட்டில் பார்த்துவிடுங்கள், அங்கே முதல் டெர்மினலும் இரண்டாம் டெர்மினலும் தனித்தனி ரயில் நிறுத்தங்கள்.